மதகுச் சாவி

அந்தப் பாட்டின் மூன்றாவது சரணத்தில் வருகிற
வெள்ளைத் தொப்பிக்காரர் என் அப்பா.
பெயர் சொல்லவில்லைதான்.
ஆனால் தேனோ ஆற்றின் வடகரையில்
மதகுச் சாவியைக் கடிகாரச் சங்கிலியில் கோத்துக்கொண்டு
குதிரையில் போனவர் வேறு யாருமில்லை.

தொப்பி வெள்ளையுமில்லை.
காப்பிக்கொட்டை நிறம், விளிம்பில் வியர்வைக் கறை.
எதுகைக்காக வெளுத்துவிட்டார்கள்.

எழுபத்தொன்றில் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது.
சாந்தியாகோவில் பல் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படித்தேன்.
அம்மாவின் தந்தி:
குதிரைகளை மட்டும் விட்டிருக்கிறார்கள்.
அநியாயம். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.
வாக்குச்சாவடியில் என் கை
ஒருமுறைகூட இடப்பக்கம் போனதில்லை.

பிறகு ராணுவம் வந்தது.
நிலத்தில் பாதி திரும்பி வந்தது.
பாட்டு மட்டும் ஊரைவிட்டே போயிற்று.

எண்பத்து மூன்றில், குரிக்கோ சந்தையில்,
பூண்டு விற்பவளிடம் ஒரு கேசட்.
மேலே 'குழந்தைகளுக்கான வால்ட்ஸ்' என்று ஒட்டியிருந்தது.
என் தரப்பு வென்ற நாட்டில்
தோற்றவர்களின் பாட்டை
கோட்டுக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முதலில் முரசு.
கிளம்பலாமா என்று யோசிக்கிற குதிரைபோல.
அப்புறம் சராங்கோ, நாணற்குழல்.
அப்பா வருவதற்குச் சற்றுமுன்
குழல் அரைப்படி இறங்கும்.
அந்த அரைப்படியில் ஒவ்வொரு முறையும் வழுக்குகிறேன்.
எழுந்து பார்த்தால்
அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்,
வாய் நிறைய, சுருதி சுத்தமாக.

"வரிகளை விட்டுவிட்டு லா லா போடுங்களேன்"
என்றாள் ஓர்த்தென்சியா.
போட்டுப் பார்த்தேன்.
'சாவி' என்று கடிக்க வேண்டிய இடத்தில்
'லா' நொண்டுகிறது.

போன செவ்வாய், நிபால்தோ வந்தார்.
கீழ்வரிசை, வலப்பக்கக் கடைவாய்ப் பல்.
எழுபத்தொன்றில் லாரிமேல் ஏறி நின்று
எங்கள் வாசற்கதவைப் பார்த்துக் கத்தியவர்.
ஊசி போட்டு, பஞ்சை அடைத்து,
துளைக்க ஆரம்பித்தேன்.
துளைக்கும் கருவி ஒரு சுரத்தில் ரீங்கரிக்கும்.
அது எப்படியோ அந்தப் பாட்டின் சுரமாக இருந்து தொலைத்தது.
முனகியிருக்கிறேன்.
அவர் கண் திறந்து என்னைப் பார்க்கும்வரை
எனக்கே தெரியாது.

நிறுத்தியிருக்கலாம்.
பாதியில் நிறுத்தினால் ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும்.
இரண்டாவது சரணத்தையும் முனகி முடித்தேன்.

துப்பினார்.
பாதி உதடு மரத்த வாயால்
மூன்றாவது சரணத்தை
என் முகத்துக்கு நேரே பாடினார், வார்த்தை வார்த்தையாக.
அபஸ்வரமென்றால் அப்படியொரு அபஸ்வரம்.
எர்மிந்தா வரவேற்பறையிலிருந்து ஓடிவந்து
"ரொம்ப வலிக்கிறதா?" என்றாள்.

நம்பிக்கை முழுக்க அவரிடம்.
சுருதி முழுக்க என்னிடம்.

"அந்த இடத்தில் அரைப்படி இறங்க வேண்டும்" என்றேன்.
"உங்கப்பா தண்ணீரை இறக்கவேயில்லையே, டாக்டர்."
"வியாழக்கிழமைகளில் திறந்தார்."
"எல்லா வியாழனுமா?"

வாயைத் திறக்கச் சொன்னேன்.
அடைக்க வேண்டியதை அடைத்தேன்.
முழுக் கட்டணமும் கொடுத்தார்.
குறைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை,
நானும் குறைக்கவில்லை.

மாடிப்படியில் இறங்கும்போது
முயன்று பார்க்கிறார், கேட்கிறது.
இல்லை.
மறுபடி.
இல்லை, இன்னும் கொஞ்சம் கீழே.

கையுறையைக் கழற்றாமல் கதவருகே நிற்கிறேன்.
தெருவை அடைவதற்குள்
அவர் சரியாக இறங்கிவிட வேண்டும்,
என் அப்பாவுக்கு எதிராக.